வீட்டுக்குள் ஓடும் மாதிரி ரயிலைத் தோட்டத்துக்கும் கொண்டுபோவது எப்படி: முதலில் சுவர், கடைசியில் ரயில்

அறைக்குள் மேசைமேல் மாதிரி ரயில் ஓட்டச் சொல்லித்தர ஆட்கள் உண்டு. தோட்டத்தில் ஓட்டச் சொல்லித்தரவும் உண்டு. ஒரே ரயில் அறையிலிருந்து கிளம்பி, சுவரைத் தாண்டி, செடிகளுக்கு நடுவே ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்பட்டால்தான் சிக்கல். உள்ளே சரியாக வந்த கணக்கு வெளியே உதைக்கும். இரண்டும் சேரும் அந்த இடத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. நான் நிறையத் திணறித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். நீங்களும் திணற வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் ரயில் பெட்டியை வாங்குகிறார்கள், அப்புறம் தண்டவாளம், அப்புறம் பலகை, கடைசியில்தான் சுவரைப் பார்க்கிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். ரயில் வெளியேறும் துளை சுவரில் எந்த இடத்தில், எந்த உயரத்தில் வரும் என்று தெரிந்துவிட்டால் பலகையின் உயரம், தோட்டத்துத் தூண்களின் உயரம், தண்டவாளத்தின் நீளம், செலவு எல்லாம் அதிலிருந்தே கணக்காக வந்துவிடும்.

1. கேஜை முடிவு செய்யுங்கள்

இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் கேஜ். உள்ளேயும் வெளியேயும் ஒரே ரயில் என்றால் 45 மி.மீ. கேஜ்தான் என் முதல் சிபாரிசு. ஜி என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். எல்.ஜி.பி. என்ற பிராண்டின் ரயில்கள் இதில்தான் ஓடுகின்றன. பெட்டிகள் கனமாக இருப்பதால் சின்னச் சருகு, மணல் துகள் எல்லாம் பெரிதாகப் பாதிக்காது.

கவனம் ஒன்று தேவை. 45 மி.மீ. என்பது தண்டவாளத்தின் அளவு மட்டும். அதன்மேல் ஓடும் ரயில்கள் 1:20.3, 1:22.5, 1:24, 1:29, 1:32 என்று பல விகிதங்களில் வருகின்றன (1:32 என்றால் நிஜ ரயிலில் 32-இல் ஒரு பங்கு). எல்லாமே அந்தத் தண்டவாளத்தில் ஓடும். ஆனால் 1:32 என்ஜினுக்குப் பின்னால் 1:20.3 பெட்டியை மாட்டினால் என்ஜினைவிடப் பெட்டி பெரிதாக நிற்கும், கொக்கிகளின் உயரமும் ஒத்துப்போகாது. விகிதம் எது என்று பெட்டியின் அட்டையில் பார்த்து வாங்குங்கள்.

16.5 மி.மீ. கேஜில் ஓடும் ஹெச்ஓ (1:87), ஓஓ (1:76) ரயில்கள் சின்ன அறைக்கு வசதி. வெளியேயும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தரையிலிருந்து உயர்த்திய மேடையில் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் பாதையைத் துடைத்த பிறகே ஓட்ட வேண்டும். ஓர் இலைக்காம்பு போதும், தடம் புரண்டுவிடும். 9 மி.மீ. என் கேஜ் ரயிலை வெளியே கொண்டுபோகும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள்.

45 மி.மீ. கேஜில் மிகச் சிறிய வழக்கமான வளைவின் ஆரம் 60 செ.மீ. அதாவது முழு வட்டத்துக்கு 1.2 மீட்டர், வளைவில் பெட்டிகள் வெளியே துருத்தும் இடமும் சேர்த்தால் ஒன்றரை மீட்டர். அறையில் அந்த அகலம் இல்லையென்றால் சுவரோரமாகப் போய் நிற்கும் ஒற்றைப் பாதையும் ஒரு நிலையமும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, சுற்றுவதை வெளியே வைத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல அமைப்புதான்.

2. காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் சுவரில் கைவைக்கும் வேலை இது.

சொந்த வீடு என்றால் கட்டட வரைபடம் வேண்டும். அந்தச் சுவர் மேலே உள்ள பாரத்தைத் தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா, உள்ளே தூணோ பீமோ போகிறதா என்று அதில் தெரியும். வரைபடம் இல்லையென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். கொத்தனார் தட்டிப் பார்த்து "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி. துளையின் அளவு, இடம், காலி செய்யும்போது யார் செலவில் அடைப்பது, மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை வீடு விற்கும்வரைதான் செல்லும். அடுக்ககத்தில் தரைத்தளத் தோட்டம் உங்களுக்குப் பயன்பாட்டு உரிமையாக மட்டுமே இருக்கலாம். வெளிச்சுவர் பொதுச்சொத்தாக இருக்கவும் வாய்ப்புண்டு. சங்கத்தின் சம்மதத்தைக் கடிதமாக வாங்குங்கள்.

தோட்டத்தில் மண்ணுக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, எரிவாயுக் குழாய் ஆகியவற்றின் வழித்தடம் அடுத்தது. வரைபடம் கிடைக்காவிட்டால் மேன்ஹோல் மூடிகளையும் மீட்டர் பெட்டியையும் வைத்து உத்தேசமாகக் கோடு இழுத்து, அந்தக் கோட்டின்மேல் தூண் நடாமல் தள்ளிப்போங்கள். செய்வதற்கு மிகச் சுலபமான வேலை இது. செய்யாமல் விட்டால் மிக அதிகச் செலவு வைப்பதும் இதுதான்.

வெளிநாட்டிலிருந்து பொருள் தருவித்தால் விலைப்பட்டியலில் பொருளின் விவரமும் மதிப்பும் தெளிவாக இருக்கட்டும். சுங்கத்தில் பொட்டலம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கே மொட்டையாக எழுதியிருப்பதால்தான். லித்தியம் பேட்டரியைத் தனியாக, உள்ளூரிலேயே வாங்கிவிடுங்கள். விமானச் சரக்கில் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

கடைசியாக, வாங்கும் ஒவ்வொன்றின் ரசீதும் புகைப்படமும் ஒரே கோப்பில். வீட்டுக் காப்பீடு வைத்திருந்தால், வெளியே நிலையாகப் பொருத்திய பாதைக்கும் ரயில்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.

3. மட்டம் எடுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிர் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது.

இரண்டு அளவு வேண்டும். அறைத் தரையிலிருந்து தண்டவாளத்தின் மேல்விளிம்பு எவ்வளவு உயரம்? அறைத் தரையைவிடத் தோட்டத்து மண் எவ்வளவு தாழ்வு? இரண்டாவதை அளக்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் போதும். நீளமான தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அறையிலும் இன்னொரு முனையை ஜன்னல் வழியாகத் தோட்டத்திலும் பிடித்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்து இருபுறமும் கோடு போடுங்கள். தோட்டத்தில் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாமல், பாதை போகும் வழியெல்லாம் இரண்டு மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு அதே மட்டத்தைக் குறித்துவிடுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தோட்டம் 20, 30 செ.மீ. ஏறி இறங்கியிருப்பது அப்போதுதான் தெரியும்.

இப்போது கணக்கு. மாதிரி ரயிலுக்கு 2 சதவீதச் சரிவு நிம்மதியானது, அதாவது ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. 3 சதவீதம் வரை சமாளிக்கலாம். 4 என்றால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வளைவும் சரிவும் ஒன்றாக வந்தால் இழுவை இன்னும் கூடும்.

அறையில் வழக்கமான 1 மீட்டர் உயரத்தில் பலகை, தோட்டம் தரையைவிட 45 செ.மீ. தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். துளையை விட்டு வெளியே வரும் ரயில் மண்ணிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் நிற்கும். 2 சதவீதத்தில் தரைக்கு இறங்க 72 மீட்டர் பாதை வேண்டும். திரும்பி ஏற இன்னொரு 72. பலகையை 60 செ.மீ.க்குத் தாழ்த்தினாலும் 52 மீட்டருக்கு மேல் தேவை.

சுருள்போலச் சுற்றி இறக்கிவிடலாமே என்று தோன்றும். 60 செ.மீ. ஆரத்தில் ஒரு சுற்று 3.77 மீட்டர். அந்த ஒரு சுற்றில், கீழே ஓடும் ரயில் இடிக்காமலிருக்க 25 செ.மீ. இறங்கியாக வேண்டும். சரிவு 6.6 சதவீதம் வருகிறது, கதைக்கு ஆகாது. ஆரத்தை 1.2 மீட்டராக்கினால் 3.3 சதவீதத்துக்கு வரும், ஆனால் அதற்கு இரண்டரை மீட்டருக்கு மேல் அகலமான இடம் போய்விடும்.

ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு என் தீர்ப்பு: தரைக்கு இறக்கும் எண்ணத்தை விடுங்கள். அறையில் பலகையை 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் வைத்து, தோட்டத்தில் தூண்களின்மேல் அதே மட்டத்தில் பாதையை ஓட்டுங்கள். குனிய வேண்டியதில்லை, மழைநீர் தேங்காது, மண் தெறிக்காது. அழகு வேண்டுமென்றால் தூண்களுக்குக் கீழே செடிகளை உயர்த்தி வளர்த்துக்கொள்ளலாம். தோட்ட மட்டம் அறைத் தரைக்கு ஏறக்குறையச் சமமாக இருந்து, உள்ளேயும் பாதையைத் தரையோரம் தாழ்வாக ஓட்டுவதற்கு நீங்கள் தயார் என்றால் மட்டும் தரைவழிப் பாதையை யோசியுங்கள்.

4. வரைபடம் போடுங்கள்: போன ரயில் எப்படித் திரும்பும்?

கட்டத்தாளில் 1:20 அளவில் அறையையும் தோட்டத்தையும் சேர்த்து ஒரே தாளில் வரையுங்கள். முதலில் சுவர்த் துளையைக் குறித்துவிட்டு அதிலிருந்து இரண்டு பக்கமும் வரையுங்கள்.

வெளியே போன ரயில் திரும்பி வர மூன்று வழி. முதலாவது, ஒரே துளை, உள்ளே ஒரு சுற்று வளையம், வெளியே ஒரு சுற்று வளையம். ரயில் போய்ச் சுற்றிக்கொண்டு அதே பாதையில் திரும்பும். பார்க்க எளிது. ஆனால் தண்டவாளத்தில் மின்சாரம் என்றால், வளையம் தன்னோடு தானே சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். வளையத்தின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் துண்டித்து, துருவத்தைத் தானாக மாற்றும் கருவியைப் போட வேண்டும். ரயில் முழுவதும் அந்தத் துண்டித்த பகுதிக்குள் அடங்கும் நீளம் அதற்கு இருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, இரண்டு துளைகள்: ஒன்றில் போய் இன்னொன்றில் வருவது. மின்கணக்கில் இது வெறும் வட்டம்தான், எந்தக் கருவியும் வேண்டாம். மூன்றாவது, ஒரே அகலமான துளையில் இரட்டைப் பாதை. இதுவும் இடுப்பில் இறுக்கிய வட்டம்தான், ஷார்ட் பிரச்சினை இல்லை. ஆனால் 45 மி.மீ. கேஜில் இதற்கு 40 செ.மீ. அகலத் துளை வேண்டும். நடுவில் சுவரை விட்டு, 20 செ.மீ. அகலத்தில் இரண்டு துளை போடுவதே சுவருக்கு நல்லது.

வளைவுகளில் இன்னும் இரண்டு விஷயம். உங்களிடம் இருக்கும் மிக நீளமான பெட்டியைப்போல இரண்டரை மடங்கு, முடிந்தால் மூன்று மடங்கு ஆரம் வையுங்கள். இடப்பக்க வளைவை அடுத்து உடனே வலப்பக்க வளைவு வந்தால், நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்ப்பாதை வேண்டும். இல்லையென்றால் பின்னோக்கித் தள்ளும்போது பெட்டிகள் தடம் புரளும்.

பாயிண்ட் எனப்படும் பாதை பிரியும் துண்டுகளை முடிந்தவரை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மணல், சிறு கல், நத்தை எல்லாவற்றுக்கும் வெளியே உள்ள பாயிண்ட்தான் பிடித்த இடம்.

5. செலவைப் போடுங்கள்

விலை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. வரைபடத்தில் பாதையின் மொத்த நீளத்தை அளந்து 10 சதவீதம் கூட்டுங்கள். தோட்டப் பாதையில் என்ஜினைவிடத் தண்டவாளமும் அதன் தளமும்தான் பணத்தை விழுங்கும்.

தண்டவாளத் துண்டின் நீளத்தைக் கவனியுங்கள். 30 மீட்டர் பாதையை 30 செ.மீ. துண்டுகளால் போட்டால் 100 துண்டு, துண்டுக்கு இரண்டு தண்டவாளம் என்று 200 இணைப்பு. ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வாங்கி வளைத்துக்கொண்டால் 20 துண்டு, 40 இணைப்பு. வெளியே ஒவ்வொரு இணைப்பிலும் திருகு வைத்த கிளாம்ப் போடுவது நல்லது, அதற்குத் தனி விலை. மின்சாரம் தடைபடும் இடமும் பெரும்பாலும் இணைப்புதான். ஆக, தண்டவாளம் வளைக்கும் கருவியின் விலையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், இரவலாகக் கிடைத்தாலும் சரி.

உலோகத்தைப் பொறுத்தும் செலவு மாறும். பித்தளை நன்றாக மின்சாரம் கடத்தும், சுலபமாக ஈயம் பற்றும், ஆனால் அடிக்கடி துடைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகைத் துடைக்கும் வேலை குறைவு, ஆனால் மின்தடை அதிகம், ஈயப்பற்று வைப்பதும் கஷ்டம். அலுமினியம் மலிவு. அதன்மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுப்பதால், பேட்டரியிலோ நீராவியிலோ ஓடும் என்ஜின்களுக்கு மட்டும் ஏற்றது.

மறந்துபோகும் செலவுகளையும் எழுதிவிடுங்கள்: துளை போடும் கூலி, அதன் மூடி, தூண்களுக்கான சிமெண்ட், கனமான வயர், அனுப்பும் செலவு, சுங்க வரி. பித்தளைத் தண்டவாளம் எடை கூடியது. வெளிநாட்டு விலை மலிவு என்று பார்த்து மகிழ்வதற்கு முன் வீட்டு வாசல் வரை என்ன ஆகும் என்று கேளுங்கள். பழைய என்ஜின் வாங்கினால் அது இரு திசையிலும் மெதுவாக ஓடும் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். வேகமாக ஓடுவதை மட்டும் காட்டினால் பல்சக்கரத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

6. காலத்தைத் திட்டமிடுங்கள்

அனுமதிக் கடிதங்களும் வெளிநாட்டுப் பொருட்களும் தான் தாமதமாகும், அதனால் இரண்டையும் முதலிலேயே தொடங்குங்கள். மழைக்கு முன் துளையும் மூடியும் முடிந்திருக்க வேண்டும். தூணுக்குப் போட்ட கான்கிரீட்டின்மேல் பாரம் ஏற்றுமுன் ஒரு வாரமாவது விடுங்கள், முழு வலுவுக்கு 28 நாள். புதிதாக மண் கொட்டி உயர்த்திய மேடு என்றால் ஒரு மழைக்காலம் அதன்மேல் போன பிறகே தண்டவாளம். முன்பே போட்டால் மண் இறங்கி, பாதை அலையலையாகிவிடும். அந்த மாதங்களில் அறைக்குள் வேலையை முடித்துவிடலாம். சும்மா இருக்க வேண்டியதில்லை.

7. சுவரில் துளை

அதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள். சரியான உயரத்தில் ஜன்னல் இருந்தால், கீழ்க் கண்ணாடிக்குப் பதிலாக நீர்புகாத பலகை ஒன்றைப் பொருத்தி, துளையை அதில் போட்டுக்கொள்ளலாம். சுவர் தப்பிக்கும். வாடகை வீட்டில் இதுதான் சரி.

சுவர்தான் என்றால், 45 மி.மீ. ஒற்றைப் பாதைக்குத் தண்டவாளத்தின் மேல்விளிம்பிலிருந்து 25 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம் வைத்துக்கொள்ளுங்கள். துளைக்குள்ளும் அதன் இருபுறம் ஒரு பெட்டி நீளத்துக்கும் பாதை நேராக இருக்கட்டும். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்ளேயும் முனைகள் வெளியேயும் துருத்தும், துளை அகலம் போதாது. சுவருக்குள் தண்டவாள இணைப்பு வரக்கூடாது. கை போகாத இடத்தில் ஓர் இணைப்பு தளர்ந்தால் என்ன செய்வீர்கள்? துளையைத் தாண்டிச் செல்லும் ஒரே துண்டாகப் போடுங்கள், உருவி எடுக்க வசதியாக.

சம்மட்டியால் உடைக்காமல் வைர வட்டு வைத்த கட்டரால் அறுக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் மின்குழாய் இல்லை என்று உறுதி செய்த பிறகே அறுக்க வேண்டும். துளைக்குள் பிளாஸ்டிக் அல்லது தகட்டு உறை ஒன்றைச் செருகி, சுற்றி இடைவெளியைச் சிலிக்கான் சீலண்டால் அடையுங்கள். உறையின் அடிப்பகுதி வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். தண்டவாளம் சாயக்கூடாது, அதற்கு அடியில் சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள் வைத்து மட்டமாக்கிக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கம் கீல் வைத்த மூடி அவசியம். எலி, பூச்சி, மழைச்சாரல், குளிர்காற்று எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். மூடி வைத்தால் அடுத்த ஆபத்து, மூடியைத் திறக்க மறந்து ரயிலை விடுவது. அதற்கு ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. துளைக்கு இருபுறமும், ரயில் வேகம் குறைந்து நிற்கப் போதுமான நீளத்துக்குப் பாதையை மின்சாரத்திலிருந்து துண்டித்து, அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை மூடியில் வைத்த மைக்ரோ சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். மூடி முழுவதும் திறந்தால்தான் அங்கே மின்சாரம் வரும், இல்லையென்றால் ரயில் முன்னாலேயே நின்றுவிடும். பேட்டரி என்ஜினுக்கு இது உதவாது. அதற்கு, சுவிட்சை நன்றாகக் கண்ணில் படும் சிவப்பு விளக்கோடு இணைத்துவிடுங்கள்.

8. அறைக்குள் பலகை

இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 மி.மீ. பிளைவுட், கீழே 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். சிப்போர்டு வேண்டாம், எடை அதிகம், ஈரம் பட்டால் ஊதிவிடும். துளை இருக்கும் அறை என்பதால் ஈரம் வரத்தான் செய்யும், அதனால் பலகையின் அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடியுங்கள். கை நீட்டினால் எட்டும் தூரம் 70 செ.மீ. வரைதான். அதைவிட அகலமாகப் பலகை போட்டால் மூலையில் கவிழ்ந்த பெட்டியை எடுக்க மேலே ஏற வேண்டிவரும்.

9. தோட்டத்துத் தளம்

தூண்வழி: ஒரு மீட்டருக்கு ஒரு தூண், அடியில் கான்கிரீட். தூண்களின் தலையை, முன்பு குச்சிகளில் குறித்த மட்டத்துக்கு அறுத்துவிட்டு மேலே பதப்படுத்திய மரச்சட்டமோ கடினப் பிளாஸ்டிக் பட்டையோ ஓட்டுங்கள். பிளாஸ்டிக் பட்டை மக்காது, சுலபமாக வளையும். ஆனால் வெயிலில் அது தண்டவாளத்தைவிடப் பலமடங்கு நீளும். தண்டவாளத்தை அதோடு இறுக்கித் திருகிவிட்டால் கோடையில் பாதை பாம்பாக நெளியும்.

தரைவழி: 15 செ.மீ. ஆழத்தில் பள்ளம், அடியில் களை வராமல் தடுக்கும் துணி, மேலே பெரிய ஜல்லி, அதற்குமேல் 3 முதல் 6 மி.மீ. உடைகல்லும் அதன் தூளும் கலந்த படுகை. உருண்டையான கூழாங்கல்லைப் போடாதீர்கள், ஒன்றோடொன்று பிடிக்காமல் உருண்டுகொண்டே இருக்கும். உடைகல்லின் கூர்முனைகள்தான் தண்டவாளத்தைப் பிடித்து வைக்கும். அறைக்குள் கல்லை ஒட்டப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை வெளியே வேண்டாம், மழையில் பாலாகக் கரைந்துவிடும்.

செடி நடுவதைக் கடைசிக்கு வையுங்கள். வாங்கும்போது சிறியதாக இருக்கும் செடி வளர்ந்தபின் எவ்வளவு அகலம் என்று கேட்டு, அந்த அளவு பாதையிலிருந்து தள்ளி நடுங்கள்.

10. தண்டவாளம் போடுதல்

வெயிலில் தண்டவாளம் காற்றைவிட நன்றாகவே சூடாகும். பித்தளை ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு 0.019 மி.மீ. நீளும். ஒன்றரை மீட்டர் துண்டு 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. சின்ன அளவுதான், ஆனால் 30 மீட்டரில் சேர்ந்தால் 17 மி.மீ. எங்கேயாவது அது போயாக வேண்டும். குளிர்ந்த காலையில் போடுகிறீர்கள் என்றால் இணைப்புக்கு ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள், நல்ல வெயிலில் என்றால் நெருக்கிவிடலாம். எல்லா இணைப்பிலும் கிளாம்ப் போட்டு இறுக்கினால் இந்த இடைவெளிக்கு வழியில்லை. அப்போது ஐந்தாறு மீட்டருக்கு ஒன்றாக, விரிவுக்கு இடம் கொடுக்கும் நழுவு துண்டு போடுங்கள். ஸ்லீப்பர் கட்டையைத் தளத்தோடு திருகும்போது துளையை நீள்வட்டமாக்கி, திருகைக் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும்.

ஒவ்வொரு மீட்டரிலும் சின்ன ரசமட்டத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் லேசான ஏற்ற இறக்கத்தை ரயில் பொறுத்துக்கொள்ளும், ஒரு பக்கம் சாய்வதைப் பொறுக்காது.

11. மின்சாரம்

முதல் விதி: வீட்டு மின்சாரம் அறையைவிட்டு வெளியே போகவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மர், கன்ட்ரோலர் எல்லாம் உள்ளே, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்திய சாக்கெட்டில். வெளியே போவது 24 வோல்ட்டுக்கு உட்பட்ட தாழ்வழுத்தம் மட்டும். சாக்கெட் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வயரின் கனத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பாதையின் கோடி 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டர் வயர். 5 ஆம்பியர் ஓடும்போது 0.5 ச.மி.மீ. வயரில் 7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 2.5 ச.மி.மீ. வயரில் இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்குள்தான். எனவே 2.5 ச.மி.மீ. ஜோடி வயரைப் பாதையோடு கூடவே ஓட்டி, அறைக்குள் இரண்டு மீட்டருக்கு ஒரு முறையும் வெளியே நான்கைந்து மீட்டருக்கு ஒரு முறையும் தண்டவாளத்துக்குக் கிளை வயர் கொடுங்கள். ஈயப்பற்று வைக்கும்போது அமிலம் கலந்த ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்டப் பூசும் பொருள்) வேண்டாம், ரோசின் எனும் மரப்பிசின் வகைதான்.

சாதாரண டி.சி. போதுமா, டி.சி.சி. டிஜிட்டலா (தண்டவாளம் வழியாக ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் முறை), பேட்டரியா? ஒரே ரயில் என்றால் டி.சி. போதும். இரண்டு மூன்று என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட ஆசை என்றால் டி.சி.சி. தோட்டப் பகுதி உள்பகுதியைவிட மிக நீளம், தண்டவாளம் துடைக்கப் பொறுமையும் இல்லை என்றால், என்ஜினுக்குள் பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் வைத்துவிடுங்கள். துருவம், ஷார்ட், அழுக்கு என்ற பேச்சே இருக்காது. சார்ஜ் தீர்ந்தால் நிற்கும், அவ்வளவுதான்.

டி.சி.சி. என்றால் ஒவ்வொரு பகுதியிலும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியான பூஸ்டர் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் வயரிங் போதவில்லை. அப்படியே விட்டால் ரயில் தடம் புரளும் நாளில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகும்.

தோட்டத்துக்குப் போகும் வயரை அறைக்குள் ஒரு பிளக்கில் முடித்து வையுங்கள். ஓட்டி முடித்ததும் அதைப் பிடுங்கிவிடலாம், இடி மின்னலின்போது தோட்டத்துத் தண்டவாளத்துக்கும் உங்கள் கன்ட்ரோலருக்கும் தொடர்பே இருக்காது. வயர் நிறங்கள், துண்டித்த இடங்கள், டிகோடர் (டி.சி.சி. கட்டளையைப் படிக்கும் சில்லு) எண்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பலகையின் அடியில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து எது எங்கே போகிறது என்று நினைவிருக்காது.

12. முதல் ஓட்டமும் அதற்குப் பிறகும்

என்ஜினை முதலில் விடாதீர்கள். உங்களிடம் உள்ள மிக அகலமான, மிக நீளமான பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டே முழுப் பாதையும் போய் வாருங்கள். எங்கே உரசுகிறது, எங்கே ஆடுகிறது என்று கையிலேயே தெரியும். அப்புறம் என்ஜின் மட்டும், மெதுவாக, இரு திசையிலும். பிறகு நான்கு பெட்டிகள் முன்னோக்கி. கடைசியாக அதே நான்கைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இதில் தேறினால் பாதை தேறியது.

ஒவ்வொரு முறை வெளியே ஓட்டும் முன்பும் பாதை முழுக்க நடந்து பாருங்கள். அறைக்குள் ஐசோபுரோபில் ஆல்கஹால் தோய்த்த துணி போதும். வெளியே பித்தளைக்கு, கம்பில் கட்டிய நைலான் தேய்ப்பு அட்டை. உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் நன்றாகப் போய் உட்காரும். பெருமழைக்கு அடுத்த நாள் ரசமட்டத்தோடு ஒரு சுற்று, படுகையில் கல் அரித்த இடத்தில் ஒரு கை கல். வெளியே ஓடிவிட்டு வந்த என்ஜினின் சக்கரங்களைத் துடைத்துவிட்டே உள்ளே இருக்கும் பாதையில் ஏற்றுங்கள். இல்லையென்றால் தோட்டத்து மணல் முழுவதும் அறைப் பாயிண்டுகளில் வந்து சேரும். கடைசியாக மூடியைச் சாத்தி, பிளக்கைப் பிடுங்குங்கள்.